கறுப்புத் துணிக்காரருக்கு ஒரு டீ

நான் பொய் சொல்லக்கூடியவன். கல்லூரிச் சுவரிதழில் ‘முதல்வர் அறைக்கு அடியில் புதையல், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் தோண்டலாம்’ என்று எழுதி, இரண்டு பேர் நிஜமாகவே கடப்பாரையோடு வந்துவிட்டதால் பதினைந்து நாள் சஸ்பெண்ட் ஆனவன். அதனால் நீங்கள் நம்பமாட்டீர்கள். பரவாயில்லை. இது நடந்தது. 2024 மே 14, செவ்வாய்க்கிழமை, கோட்டையூர். பகல் 12.03 முதல் 12.21 வரை. பேய்க்கு நள்ளிரவுதான் வேலை நேரம் என்று நினைத்திருந்தேன். இது உச்சி வெயிலில் வந்தது.

சஸ்பெண்ட் முடிந்ததும் கோடை விடுமுறை. வீட்டில் இருந்தால் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்குப் பயந்து, ஒரு பெரிய செட்டியார் வீட்டில் நடந்த ஜப்பானியப் படப்பிடிப்பில் டீ கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். போர்க் காலத்தில் பர்மாவில் காணாமல் போன அப்பாவின் கடிதத்தைத் தேடி, கிழவியான பிறகு செட்டிநாட்டுக்கு வரும் ஒரு மகளின் கதை. மகளாக நடித்தவர் ஹட்சுயோ மினகாவா. வயது எழுபத்தொன்று. பதினெட்டு வயதில் ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவில் சேர்ந்தவர். பிறகு சினிமாவில் அறுபது படங்கள். கடைசி ஐந்து வருடம் யாரும் கூப்பிடவில்லை. இதெல்லாம் மொழிபெயர்க்க வந்திருந்த ஜெசி அக்கா சொன்னது. சமையல்கார அக்கம்மாளுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. ‘சப்பான் ஆச்சி’ என்று கூப்பிட்டார். ஆச்சியும் திரும்பிப் பார்த்தார்.

ஆச்சிக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. இட்லி சாப்பிட்ட அரை மணி நேரத்தில், இன்னும் இட்லி வரவில்லையா என்று சைகையில் கேட்பார். தன் அறைக்கு வழி தெரியாமல் முற்றத்தில் நிற்பார். ஆனால் ஒத்திகையில் நாலு பக்க வசனம், ஓர் எழுத்துப் பிசகாது.

“எப்படிக்கா இது?” என்று ஜெசி அக்காவிடம் கேட்டேன்.

“எனக்கும் விளங்கலைடா கோபி. டைரக்டர் பயந்துபோய் இருக்காரு. செவ்வாக்கிழமை ஒரே ஷாட்டு, நாலு நிமிசம். முத்தத்துல வெயில் நேரா விழுகுறதே பதினெட்டு நிமிசந்தான். அன்னைக்கோட வீட்டையும் காலி பண்ணணும். ஒரு வரி தடுமாறுனாலும் வேற நடிகையைக் கூப்பிட்டுருவாக. அதுக்கப்புறம் இவுகளை யாரு கூப்பிடுவா?”

கறுப்புத் துணிக்காரரை நான் முதலில் பார்த்தது சனிக்கிழமை ஒத்திகையில், 11.40. ஆச்சிக்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். உச்சி முதல் பாதம் வரை கறுப்பு. முகத்தின் மேல் கறுப்புத் துணி. ஆச்சி திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினால், கடிதத்தை அந்தக் கையில் வைப்பார். ஆச்சி ஒரு நொடி நின்றால், காதருகே குனிவார். உடனே அடுத்த வரி வந்துவிடும்.

ஜெசி அக்கா மேக்கப் மேசையில் வசனத்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஆச்சி இருந்த பக்கம் கை காட்டினேன்.

“அந்தக் கறுப்புத் துணிக்காரரு யாருக்கா?”

அக்கா நிமிர்ந்தார். “அதுவா, குரோகோ. அவுக நாடகத்துல அப்படி ஒருத்தர் இருப்பாரு. சாமான் எடுத்துக் குடுப்பாரு, வசனம் மறந்தா காதுல சொல்லுவாரு. ஆனா மேடையில அவரு இல்லாத மாதிரியே எல்லாரும் இருக்கணும். நடிக்கிறவுகளும் பாக்கக் கூடாது, சனமும் பாக்கக் கூடாது. அதான் மரியாதை.”

நான் காட்டிய பக்கத்தில் ஆச்சியின் முகம் பார்க்கும் கண்ணாடியும் இருந்தது. அதில் ஒரு பழைய நாடகப் புகைப்படம் செருகியிருந்தது. இளம் ஆச்சி, பின்னால் ஒரு கறுப்பு உருவம். அக்கா பதில் சொன்னது அந்தப் புகைப்படத்தைப் பார்த்து. அது எனக்கு அப்போது தெரியாது.

மூன்று நாள் கவனித்தேன். மானிட்டரில் அவர் தெரியவே இல்லை. கெட்டிக்காரர், ஃபிரேமுக்குள் வராமல் ஒதுங்கிக்கொள்கிறார் என்று நினைத்தேன். மே மாத முற்றத்துக் கல்லில் நான் குதித்துக் குதித்துப் போவேன். அவர் அதே கல்லில் வெறுங்காலோடு ஒரு மணி நேரம் மண்டியிட்டிருந்தார். மூன்று நாளும் ஒரு டீகூடக் குடிக்கவில்லை. ஒரு டீக்காரனாக எனக்கு இது அவமானம்.

செவ்வாய். 12.01. ஆச்சி முற்றத்தின் நடுவில் நின்றார். ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பார்க்கக் கூடாது என்று சொன்னால் எனக்குப் பார்க்கத் தோன்றும். தூணோரமாக நழுவிப்போய், அங்கே மண்டியிட்டிருந்த கறுப்புத் துணிக்காரர் பக்கத்தில் குனிந்தேன். கையில் டீ.

“அண்ணே... டீ சாப்பிடுறீகளா?”

அவர் மெதுவாகத் திரும்பினார். முகத்துணி என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மெல்லிய துணி. மூச்சு விட்டால் அசைய வேண்டும்.

அசையவில்லை.

பிறகு அவர் எனக்கு வணக்கம் வைத்தார். நெற்றி கல்லில் படுகிற வணக்கம். யாராவது தன்னைப் பார்க்கமாட்டார்களா என்று நெடுநாள் காத்திருந்தவர் வைக்கிற மாதிரி. நான் பின்வாங்கி, கூட்டத்தோடு போய் நின்றுகொண்டேன்.

12.03. கேமரா ஓடியது.

தூணோரத்தைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

ஆச்சி முதல் பக்கத்தைச் சொன்னார். நின்றார். காதைக் கொஞ்சம் சாய்த்தார்.

எதுவும் வரவில்லை.

கையைப் பின்னால் நீட்டினார். விரல்கள் விரிந்தன... மூடின... விரிந்தன.

வெறுங்கை.

“ஷோஜி...” என்றார், மிக மெதுவாக. அது வசனத்தில் இல்லை.

டைரக்டர் மறுபடி எடுத்தார். 12.09. மறுபடி. 12.15. ஒவ்வொரு முறையும் அதே இடம். அதே கை.

“ஷோஜி... ஷோஜி...”

12.21. வெயில் சுவரேறிவிட்டது. டைரக்டர் ஹெட்ஃபோனைக் கழற்றினார். ஆச்சி முற்றத்தில் நிற்கும்போதே, டைரக்டர் போனை எடுத்துப் புது நடிகையோடு பேச ஆரம்பித்தார். பேச்சில் சிரிப்பும் இருந்தது.

அப்போதுதான் ஆச்சி திரும்பினார். தூணோரத்தைப் பார்த்தார். பிறகு கூட்டத்தை. பிறகு என்னை.

என்னையில்லை.

என் தோளுக்குப் பின்னால்.

நேராக வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். கை ஐஸ் போல இருந்தது. கண்ணை என் தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்து, என் முகத்தில் வைத்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஜப்பானிய மொழியில்.

எனக்குப் புரியவில்லை. இல்லை என்று தலையாட்டினேன்.

ஆச்சி அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

மாலை 6.10க்கு அவரை மதுரை விமான நிலையத்துக்கு வண்டி ஏற்றினார்கள். வழியனுப்ப அக்கம்மாள் மட்டும் போனார். ஆச்சி அவரிடம், இட்லி எப்போது வரும் என்று சைகையில் கேட்டாராம்.

ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. ஜெசி அக்கா போன் செய்தார்.

“ஆச்சி போயிட்டாகடா. ஆசுபத்திரியில. மேக்கப் அம்மா தகவல் சொன்னாக.”

நான் கறுப்புத் துணிக்காரரைப் பற்றிக் கேட்டேன். அக்காவுக்குப் புரியவில்லை. அப்படி ஒருவரை யாரும் கூட்டி வரவே இல்லையாம். பிறகு புகைப்படத்தைப் பற்றிச் சொன்னார்.

அதில் பின்னால் இருப்பவர் ஆச்சியின் தம்பி, ஷோஜி. 1979இல் ஒரு நாடகத்தின் நடுவில், ஆச்சிக்குப் பின்னாலேயே சுருண்டு விழுந்திருக்கிறார். அறுநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கக் கூடாதவர் என்பதால் யாரும் பார்க்கவில்லை. ஆச்சியும் திரும்பவில்லை. மீதி நாற்பது நிமிடத்தையும் நடித்து முடித்தார். இரண்டு முறை அவரைத் தாண்டி நடந்தார். திரை இறங்கிய பிறகு தொட்டுப் பார்த்தால், உடம்பு சில்லிட்டிருந்தது.

“அன்னைக்கு அவுக நடிச்சதைப் பாத்துட்டுத்தான் சினிமாவுக்குக் கூப்பிட்டாகளாம். அதுக்கப்புறம் ஒரு வசனங்கூட மறந்ததில்லையாம்டா.”

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“உன் கையப் புடிச்சு அவுக கேட்டதை அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்ல மனசு வரலை.”

“என்னக்கா கேட்டாக?”

“‘அவன் மூச்சு விடுறானா?’ன்னு கேட்டாக. நீ என்னடா சொன்ன?”

போனை வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் மாதம் கல்லூரிக் கலைவிழா. மேடையில் தனியாக நகைச்சுவைப் பேச்சு. ஆறாவது நிமிடத்தில் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. முன்னால் ஐந்நூறு பேர். என் காதருகே யாரோ குனிந்தார்கள். அடுத்த வரி வந்தது. சுத்தமான தமிழில். அவருக்குத் தமிழ் எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. முன்பு ஒரு முறை டீ வேண்டுமா என்று கேட்டதே போதும்.

முதல் பரிசு எனக்குத்தான். கைதட்டல் நிற்கவே இல்லை. முன்வரிசையில் ஒரு சிலர் மட்டும் தட்டாமல், என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்கள். பிறகு மரியாதையாகக் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள்.

நான் திரும்பவில்லை. வார்த்தை காதில் தெளிவாக விழுந்தது. அதோடு வரவேண்டிய மூச்சு மட்டும்... வரவில்லை.