ஜெயகௌரியின் நடுங்கிய கைகள்

யாழ்ப்பாணத்தில் மகப்பேற்று மருத்துவராக இருந்த ஜெயகௌரியின் பட்டம், அவர் குடிபெயர்ந்த ஆக்லாந்து நகரில் செல்லுபடியாகவில்லை. அந்நகரின் மனுரேவா பகுதியில் ஒரு கிடங்கில் ஐந்து ஆண்டுகள் பெட்டி கட்டினார். 1997இல் எத்தியோப்பியாவின் ஒரு சிறிய பிரசவ விடுதிக்கு மூன்று மாதங்களுக்குத் தொண்டு மருத்துவர் தேவை என்று அறிந்ததும் விண்ணப்பித்தார். விமானத்தில் ஏறும்போதே பயம் பிடித்துக்கொண்டது. கைகள் பழைய வேலையை மறந்திருந்தால் என்ன செய்வது?

மூன்றாம் நாள் காலை, பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்கு நஞ்சுக்கொடி வெளியே வரவில்லை. இரத்தம் கட்டிலிலிருந்து தரைக்கு வழிந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆறு மணி நேரப் பயணம். விடுதியின் மருத்துவச்சி ஜெயகௌரியின் முகத்தையே பார்த்தாள். ஜெயகௌரி கையுறை மாட்டும்போது விரல்கள் நடுங்கின. ஆனாலும் கையை உள்ளே செலுத்தி, நஞ்சுக்கொடியை மெல்லப் பிரித்து எடுத்தார். கருப்பை இறுகும்வரை வயிற்றை அழுத்தியபடியே நின்றார். இரத்தம் நின்றது. அந்தப் பெண் தண்ணீர் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, மனுரேவாவில் இருந்த கணவர் கவிநேசனிடம் தொலைபேசியில் இதைச் சொல்லும்போது அழுதுவிட்டார்.

"பயந்து போனீரோ?" என்று கேட்டார் அவர்.

"ஓம். இப்பவும் ஒவ்வொரு நாளும் பயத்தோடதான் எழும்புறன்."

"அப்ப திரும்பி வாருமன்."

"இல்லை. இங்க வேற டாக்டர் இல்லை. மூண்டு மாசமும் நிண்டிட்டுத்தான் வருவன்."