யேவோ என்று தொடங்கும் ஐந்து வாக்கியங்கள்

என் மனைவிக்குக் குவைத்தில் வீட்டு வேலை சரியாகியிருந்தது. மருத்துவச் சோதனை முடிந்து, பயணத் தேதிக்காகக் காத்திருந்தோம். மகளுக்கு மூன்று வயது. நான் அம்பிட்டியவில் வாடகை ஓட்டோ ஓடிக்கொண்டிருந்தேன். அதை வைத்து மூன்று பேர் சாப்பிட முடியாது என்பதால்தான் அவள் கிளம்பினாள்.

அந்த நேரத்தில் கண்டியில் ஒரு சுற்றுலாக் கம்பனிக்கு ஸ்பானிய மொழி கொஞ்சம் பேசக்கூடிய வேன் சாரதி தேவை என்று கேள்விப்பட்டேன். மாதச் சம்பளம். அது கிடைத்தால் போகமாட்டேன் என்று மனைவி சொன்னாள். நேர்முகத்துக்குப் பதினாறு நாட்கள் இருந்தன.

நான் ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிறகு கம்பளையில் லொறிக் கிளீனர், கொழும்பில் பேக்கரி, கடற்கரை ஹோட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவும் வேலை. எங்கேயும் இரண்டு வருடம் தாண்டவில்லை. ஹோட்டலில் காதில் விழுந்து விழுந்தே ஸ்பானிய வணக்கமும் நன்றியும் இருபது வரை எண்ணவும் வந்திருந்தது. மீதியை ஃபோனில் படித்தேன்.

'யெவார்' என்ற வினையில் மாட்டிக்கொண்டேன். பெட்டியைச் சுமப்பதற்கும் அதுதான், ஆளைக் கூட்டிப்போவதற்கும் அதுதான், உடுத்துவதற்கும் அதுதான். ஒரு வேலையில் எத்தனை காலமாக இருக்கிறோம் என்று சொல்லவும், ஒருவரோடு ஒத்துப்போகிறோம் என்று சொல்லவும் அதையே போடுகிறார்கள். சாரதி வேலைக்கு இது இல்லாமல் நகர முடியாது என்று எனக்குப் பட்டது.

'நான்' என்று சொன்னால் அது 'யேவோ' ஆகிவிடும், எதிரில் இருப்பவரைக் கேட்டால் 'யேவா'. ஐந்துக்கும் ஐந்து வாக்கியங்களைக் கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதினேன். 'யேவோ லா மலேத்தா', பெட்டியைத் தூக்குகிறேன். மூன்றாவது 'யேவோ சப்பாத்தோஸ்', சப்பாத்து போட்டிருக்கிறேன். அது மட்டும் சொந்தக்காரனைப் போல ஒரே தடவையில் வந்து ஒட்டிக்கொண்டது. மற்றதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொன்ன மாதிரி ராகம் போட்டுச் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஒரே படிப்பு அதுதான்.

ஸ்டாண்டில் எனக்கு அடுத்து ஓட்டோ நிறுத்தும் முஸ்லிம் நண்பன் எட்டிப் பார்த்தான்.

"என்ன மச்சான், பாம்புக் கடிக்கு ஓதுறியா?"

"வேல கெடைக்கணும்டா."

"அப்ப சத்தமா ஓது. ஸ்பெயினுக்குக் கேக்கட்டும்."

நேர்முகத்தில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருவர் யாழ்ப்பாணத்து மேலாளர், மற்றவர் ஸ்பெயின்காரி. ஸ்பெயின்காரி கேட்ட கேள்வியில் 'யேவா' என்பது தெளிவாகக் கேட்டது. எத்தனை வருடமாக வாகனம் ஓட்டுகிறாய் என்கிறார். புரிந்துவிட்டது. அதற்குப் பதில் என்னுடைய நான்காவது வாக்கியம். வாய் திறந்தேன். பெட்டியைத் தூக்குகிறேன் என்று வந்தது. உங்களை ஹோட்டலுக்குக் கூட்டிப்போகிறேன் என்று வந்தது. சப்பாத்து போட்டிருக்கிறேன் என்றபோது அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தேன்.

மேலாளர் கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, எத்தினை வருசமா ஓடுறீங்கள் எண்டுதான் கேக்கிறா. அதை மட்டும் சொன்னால் காணும்."

"தெரியும் மேடம். அது நாலாவது. மொதல்ல இருந்து வந்தாத்தான் வரும்."

"றோட்டில சனம் கேக்கேக்கையும் முதல்ல இருந்தே சொல்லுவீங்கள்?"

இன்னொரு தடவை கேட்கச் சொன்னேன். கேட்டார்கள். மறுபடியும் பெட்டியைத் தூக்கினேன்.

"ஓம், நாங்கள் அறிவிக்கிறம்" என்றார் மேலாளர்.

அறிவிக்கவில்லை. பத்து நாள் கழித்து வந்த அழைப்பு, மனைவியைக் குவைத்துக்கு அனுப்பும் ஏஜென்சியிலிருந்து. வரும் செவ்வாய்க்கிழமை விமானம்.

மனைவி, குவைத்துக்குப் போகிறவர்களுக்கான பயிற்சி வகுப்பில் கொடுத்த அரபுச் சொற்புத்தகத்தை எடுத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். முதல் பக்கத்திலிருந்து முணுமுணுக்கத் தொடங்கினாள்.

"அப்புடிப் படிக்காத" என்றேன். "அங்க வீட்டுக்காரி வரிசையாக் கேக்க மாட்டா."

"அப்ப நீங்களே கேளுங்க."

புத்தகத்தை வாங்கினேன். பக்கங்களை மாற்றி மாற்றித் திருப்பிக் கேட்டேன். தண்ணீர். இஸ்திரிப்பெட்டி. குழந்தை அழுகிறது. ஒன்றிலாவது அவள் தடுமாற வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டேன். கடைசிப் பக்கம் வரை அவள் ஒன்றையும் விடவில்லை.