நாலு டிகிரி பின்னுக்கு

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஒவ்வொரு நாளும் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போன ஆள் தில்லைநாதன். வழியில் குறைந்தது இரண்டு இடத்தில் ஆமிக்காரர் இறக்கி அடையாள அட்டை பார்ப்பாங்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணப் பக்கத்துச் சுன்னாகம் என்று கண்டால் ஒதுங்கி நிற்கச் சொல்லுவாங்கள். ஒதுங்கி நிற்பார். நாற்பத்தேழு வயது, ஒல்லி உடம்பு, எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் போகாத கறுப்பு நகத்தடியில். மனிசி எங்கே என்று ஆரும் கேட்டால், வவுனியாவில் என்பார். அதோடு கதை முடிந்தது, அடுத்த கேள்விக்கு மனுசன் இடம் வைக்க மாட்டார்.

மனிசியின் பெயர் அருள்நாயகி. அவ ஏன் வவுனியாவில் என்றால், அதற்கு ஒரு காகிதம் காரணம். தொண்ணூற்றைந்தில் சனம் எல்லாம் யாழ்ப்பாணத்தைவிட்டு எழும்பினபோது இவை இரண்டு பேரும் கிளிநொச்சிக்குப் போய்ச் சேர்ந்தவை. அங்கேயிருந்து கொழும்புக்கு வரவேண்டுமென்றால் இயக்கத்தின் பாஸ், அனுமதிக் காகிதம், வேண்டும். போகிற ஆள் திரும்பி வருவார் என்று சொல்ல ஒரு ஆள் பிணை நிற்க வேண்டும். இவருக்குப் பிணை நின்றது அருள்நாயகி. ஆறு மாதத்தில் ஏதாவது வழி பண்ணிக் கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தார். வந்த வழி அவருக்குப் பின்னாலேயே மூடப்பட்டது.

இரண்டு வருசம் கழித்து அவ காடு மேடெல்லாம் நடந்து வவுனியாவுக்கு வந்தா. வந்தவவைப் பள்ளிக்கூடத்தைப் போல ஒரு கட்டடத்தில் முகாம் என்று அடைத்து வைத்தாங்கள். அங்கேயிருந்து கொழும்புக்கு வர இன்னொரு பாஸ், இந்த முறை ஆமிக்காரனுடையது. தில்லைநாதன் மூன்று தரம் விண்ணப்பம் போட்டார். மூன்று தரமும் இல்லை என்று வந்தது. முகாமில் சீமெந்துத் தரையில் படுத்துப் படுத்து அவவுக்கு இழுப்பு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் ஐந்து மணிக்கு முகாம் வாசலில் துண்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்கு வருவா. இவர் வெள்ளவத்தையில் கொமியுனிக்கேசன் என்கிற ரெலிபோன் கடையிலிருந்து அந்தக் கடை நம்பருக்கு எடுப்பார். கதைக்கிறதைவிட அவ மூச்சு இழுக்கிறதைத்தான் கூடுதலாகக் கேட்பார்.

சரி, இந்த மனுசனுக்கு என்ன வேலை தெரியும்? ஒரு வேலை தெரியும், அதை அவரைப்போலத் தெரிந்தவன் இந்தக் கொழும்பில் இல்லை. தொண்ணூறில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் நின்றது. என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தானே வேண்டும், செத்தவீட்டுக்குப் போகத்தானே வேண்டும். பழைய மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் தெளித்து ஸ்ராட் பண்ணிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. மாற்றின உடனே எஞ்சின் தட்டத் தொடங்கும். பிஸ்ரன் மேலே ஏறி முடியமுதலே எண்ணெய் தன்பாட்டில் வெடித்து அதன் தலையில் அடிக்கும். அப்போது டிஸ்ரிபியூட்டரைத் தளர்த்தி ஒரு மயிரிழை திருப்பி, நெருப்பு விழுகிற நேரத்தைக் கொஞ்சம் பிந்த வைக்க வேண்டும். கூடப் பிந்தினால் வண்டி இழுக்காது, சூடேறிச் சாகும். குறைவாகப் பிந்தினால் தட்டித் தட்டிப் பிஸ்ரன் ஓட்டையாகும். அந்த நடு இடத்தைத் தில்லைநாதன் காதால் பிடிப்பார். ஐந்து வருசம் குழாயை வாயில் வைத்து மண்ணெண்ணெய் உறிஞ்சி, மண்ணெண்ணெயில் கை கழுவி, அந்தப் புகைக்குள்ளேயே சோறு தின்று அதைப் படித்தவர்.

கொட்டாஞ்சேனையில் அவரை வேலைக்கு வைத்திருந்தது பேர்னாட். அந்தோனியார் கோயிலுக்குத் தவறாமல் போகிற ஆள், கராஜ் முதலாளி, வாய் கொஞ்சம் நீளம், மனம் நல்லது. பேர்னாட்டின் கராஜுக்குத்தான் தொண்ணூற்றொன்பதில் ருச்சிர தன் சிவப்பு லான்சரைக் கொண்டுவந்தான். பெரிய இடத்துப் பிள்ளை. ஒஸ்ரேலியாவிலிருந்து ஒரு நைற்றஸ் சிலிண்டரும் குழாய்களும் இறக்குவித்திருந்தான். ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுக்கிற அதே வாயுதான். பந்தயத்தில் சுவிச்சைத் தட்டினால் அது எஞ்சினுக்குள் பாயும், எரிகிறது இரண்டு மடங்கு வேகத்தில் எரியும், கார் பறக்கும். முதல் வேறு இடங்களில் இரண்டு மெக்கானிக் பாஸ்மார் அதைப் பூட்டிக் கொடுத்து, இரண்டு தரமும் எஞ்சின் போய்விட்டது.

தில்லைநாதன் அந்தச் செத்த பிஸ்ரனைக் கையில் வாங்கிப் பார்த்தார். மேலே உருகி, நடுவில் ஓட்டை. அவருக்குச் சிரிப்பு வந்தது என்றால் நம்புங்கோ. சுன்னாகத்தில் மண்ணெண்ணெய் குடித்த மொறிஸ் மைனருக்கு வந்த அதே வருத்தம், கொழும்பில் பணக்காரன் காருக்கு. ஏழை எண்ணெய்க்கும் பணக்கார வாயுவுக்கும் ஒரே மருந்து, நெருப்பைப் பின்னுக்குத் தள்ளு.

பத்து டிகிரியில் நின்ற ரைமிங்கை, அதாவது நெருப்பு விழுகிற நேரத்தை, ஆறுக்குக் கொண்டுவந்தார். முழுசாக நாலு டிகிரி. ருச்சிர ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு வந்து குதித்தான், கார் மாடு மாதிரிப் போகுது, பழைய இடத்தில் வை என்று. தில்லைநாதன் ஆமிக்காரனுக்கு முன்னால் வாய் திறக்காத மனுசன்தான், ஆனால் எஞ்சின் விசயத்தில் பிடிவாதக்காரர். தனக்குத் தெரிந்த சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். சும்மா ஓடும்போது சோம்பலாகத்தான் இருக்கும், வாயு உள்ளே போன பிறகு பார். ரைமிங்கைப் பத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சுவிச்சைத் தட்டினால் மூன்றாவது எஞ்சினும் வாங்க வேண்டும். அதோடு சூடு பிடிக்காத குளிர்ப் பிளக் போட வேண்டும், தொண்ணூற்றைந்து ஒக்ரேன் பெற்றோல்தான் அடிக்க வேண்டும், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத் தூள் தூவின மாதிரிப் புள்ளி கண்டால் தட்டுகிறது என்று அர்த்தம், அதற்குப் பிறகு சுவிச்சைத் தொடவே கூடாது.

வெள்ளிக்கிழமை கடற்கரைப் பக்கத்து வெறும் ரோட்டில் ஓடிப் பார்த்தார்கள். சுவிச்சைத் தட்டின உடனே கார் போன போக்கில் ருச்சிர முகம் வெளுத்துத் திரும்பி வந்தான். பிளக் நாலும் சுத்தம். ஒரு புள்ளி இல்லை. அன்றைக்குத்தான் அவன் இவருடைய தோளில் கைபோட்டுக் கேட்டான், தில்லே பாஸ், உனக்கு என்ன வேண்டும் என்று.

தில்லைநாதன் ஒரு கிழமையாக அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தவர். பேர்னாட் எப்போதோ சொல்லியிருந்தான், ருச்சிரவுடைய மாமா பாதுகாப்புப் பக்கத்தில் பெரிய கதிரையில் இருக்கிறார் என்று. இவர் மனிசியின் பெயரையும் முகாமின் பெயரையும் எழுதின துண்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். ருச்சிர அதை வாசித்தான். மாமா ஞாயிற்றுக்கிழமை பந்தயம் பார்க்க வருவார், வென்ற கையோடு மேடையில் வைத்தே சொல்லி, அவவைக் கொழும்புக்கு விடச் சொல்லிக் கடிதம் எடுத்துத் தருகிறேன், திங்களே முகாமுக்குப் போகும் என்றான். தோற்றால் என்ன என்று தில்லைநாதன் கேட்கவில்லை. அந்தக் கார் தோற்காது என்று அவருக்குத் தெரியும். அன்றைக்குப் பின்னேரமே கொமியுனிக்கேசனுக்கு ஓடி, வவுனியாக் கடைக்காரருக்கு எடுத்துச் செய்தி சொல்லி வைத்தார், கடிதம் கிடைக்கப்போகுது, ஞாயிறு நல்ல சேதி சொல்லுவேன் என்று. ஐயோ, அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

சனிக்கிழமை பந்தயத்துக்கு வேண்டிய பெற்றோல் எடுக்க அவரே போனார். வழக்கமாக எடுக்கிற இடத்தில் தொண்ணூற்றைந்து முடிந்துவிட்டது. தெமட்டகொடைப் பக்கம் ஒரு பெற்றோல் செட்டில் இருந்தது. இரண்டு கானில் அடித்து, த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்து மூக்கை வைத்து மணந்தும் பார்த்தார், சரியாகத்தான் இருந்தது.

கொட்டாஞ்சேனைக்குத் திரும்புகிற சந்தியில் ஆமிக்காரர் மறித்தாங்கள். தமிழ் ஆள், கையில் இரண்டு கான் பெற்றோல். எப்படி விடுவாங்கள்? இறக்கி, அட்டை வாங்கி, கானைத் திறக்கச் சொன்னாங்கள். இளம் ஆமிக்காரன் ஒருத்தன், மின்சாரம் இல்லாத ஏதோ ஊரில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்தவன் போல, குனிந்து மணந்தான். நிமிர்ந்து கேட்டான்.

"மே பூமிதெல் நேத?"

இது மண்ணெண்ணெய்தானே என்கிறான். பெற்றோல் என்று சொல்லிவிட்டு மண்ணெண்ணெய் கொண்டுபோகிறான் என்று எழுதினால் அன்றைக்கு இரவு பொலிஸ் கூட்டுக்குள். ஞாயிறு போச்சு, மாமா போச்சு, கடிதம் போச்சு. இல்லை மாத்தயா, பெற்றோல், பந்தயக் காருக்கு என்று கும்பிட்டார். பேர்னாட்டின் நம்பரைக் கொடுத்தார். அவங்கள் ரெலிபோன் பண்ணிக் கேட்டு, அரை மணித்தியாலம் வெயிலில் வைத்துவிட்டு விட்டாங்கள். த்ரீவீலரில் ஏறினபோது, இந்தக் காட்டானுக்குப் பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியவில்லையே என்று மனதுக்குள் ஏசினார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்திருந்தால் போதும். பெற்றோல் உடனே காயும், மண்ணெண்ணெய் கலந்தால் பிசுபிசுக்கும். சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த சோதனை. செய்யவில்லை. தப்பினேன் என்ற ஒன்றைத் தவிர அந்த மனுசனின் தலையில் வேறு ஒன்றும் இருக்கவில்லை.

ஞாயிறு, களுத்துறைக்கு அங்கால் ஒரு பழைய விமான ஓடுபாதை. குடையும் தொப்பியுமாகச் சனம். பேர்னாட் பூசை முடிந்துதான் வருவேன் என்று சொல்லியிருந்தான், வரவில்லை. தில்லைநாதன் தன் கையாலேயே இரண்டு கானையும் காரின் பெற்றோல் ராங்கியில் கவிழ்த்தார். ரைமிங் லைற்றைப் பிடித்துக் கடைசித் தரமாகப் பார்த்தார். ஆறில் நின்றது, அசையவில்லை. மேடையில் வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒரு தடித்த மனுசனை ருச்சிர காட்டினான். மாமா. தில்லைநாதன் இங்கேயிருந்தே தலை குனிந்தார். அவர் கண்டாரோ தெரியாது.

கொடி விழுந்தது. இரண்டு காரும் கிளம்பின. பாதி தூரத்தில் ருச்சிர சுவிச்சைத் தட்டினான், லான்சர் மற்றதை விட்டுவிட்டு முன்னுக்குப் பாய்ந்தது. சனம் எழும்பினது. தில்லைநாதன் மட்டும் எழும்பின இடத்தில் விறைத்துப்போனார். அந்த இரைச்சலுக்குள் அவருக்கு ஒரு சத்தம் கேட்டது. தகரப்பேணிக்குள் குறுணிக்கல் போட்டுக் குலுக்குகிற மாதிரி, எஞ்சின் தட்டுகிற சத்தம். அங்கே நின்ற வேறு ஒருத்தருக்கும் அது கேட்டிராது. "நிப்பாட்டு" என்று தமிழில் கத்தினார். ஆர் கேட்கிறது? பந்தய முடிவுக்கு ஐம்பது மீற்றர் இருக்கும்போது வெள்ளைப் புகை. மற்றக் கார் தாண்டிப் போனது.

பேர்னாட் அப்போதுதான் வந்து சேர்ந்தான். வெறும் கானைத் தூக்கி மூக்கில் வைத்தவன் உடனே முகத்தைச் சுளித்தான்.

"தில்லை அண்ணே, இது பாதி மண்ணெண்ணெய். பத்தடி தூரத்துக்கு மணக்குது. உங்களுக்கு மணக்கல்லையா?"

வாங்கி மணந்தார். திரும்பவும் மணந்தார். பெற்றோல் மாதிரித்தான் இருந்தது. எந்தப் பாவி எங்கே கலந்தானோ, அது பிறகு. ஐந்து வருசம் மண்ணெண்ணெய்க்குள் கிடந்த மூக்கு அதை ஒரு மணமாகவே இப்போது எடுக்கவில்லை. மண்ணெண்ணெய் என்று தெரிந்திருந்தால் வாயுவைத் தொடவே விட்டிருக்க மாட்டார். வெறும் மண்ணெண்ணெய்க்கே எத்தனை டிகிரி தள்ள வேண்டும் என்று உலகத்தில் அவரைவிட ஆருக்குத் தெரியும்?

ருச்சிர ஏசவில்லை. ஏசியிருந்தால்கூட நல்லது. ஹெல்மெற்றைக் கழற்றி எறிந்துவிட்டு மேடைப் பக்கம் போனான், மாமாவோடு நின்று எதையோ குடித்தான், பிறகு மாமாவின் காரிலேயே ஏறிப் போய்விட்டான். மனிசியின் பெயர் எழுதின துண்டு லான்சரின் டாஷ்போர்டில் அப்படியே கிடந்தது. தில்லைநாதன் எடுத்துத் திரும்பச் சட்டைப்பையில் வைத்தார்.

பஸ் பிடித்து வெள்ளவத்தைக்கு வரும்போது ஐந்தரை. கொமியுனிக்கேசனில் இருந்த பெட்டை மூக்கைப் பொத்திக்கொண்டு, அங்கிள், கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டுக் கதையுங்கோ, மண்ணெண்ணெய் மணம் தாங்கேலாது என்றாள். திறந்துவிட்டு வவுனியாவுக்கு எடுத்தார். அங்கே அருள்நாயகி அரை மணித்தியாலமாகக் கடை வாசலில் நின்றிருக்கிறா. கூட இருக்கிற பெட்டையளுக்கெல்லாம் சொல்லிவிட்டாவாம், உடுப்புப் பையும் கட்டி வைத்துவிட்டாவாம். கடிதம் எப்ப வரும் என்று கேட்டா.

இவர் நடந்ததைச் சொன்னார். பெற்றோல், மண்ணெண்ணெய், நாலு டிகிரி, ஒன்றும் விடாமல் சொன்னார். தன் மூக்கைப் பற்றியும் சொன்னார். அங்கே அவவின் மூச்சு இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தது. மூன்றரை வருசத்தில் ஒரு நாள் குறை சொல்லாத மனிசி.

"நான் உங்களுக்குப் பிணை நிண்டனான் என்ன?" என்றா. "எனக்கு நிக்க ஒரு ஆளை உங்களாலை பிடிக்க ஏலாமல் போச்சுது."

சண்டையாகச் சொல்லவில்லை, ஒரு விசயம் முடிந்தது என்று சொல்லுவதைப் போலத்தான் சொன்னா. பிறகு, முகாமில் ஆறு மணிக்குக் கேற் பூட்டுவாங்கள் என்று சொல்லி ரெலிபோனை வைத்தா.

அடுத்த ஞாயிறு ஐந்து மணிக்கு இவர் எடுத்தார். அவ வரவில்லை என்று கடைக்காரர் சொன்னார். அதற்கு அடுத்த ஞாயிறும் எடுத்தார்.