மைமுவின் தலைக்கு ஒரு நீல வளையம்

எஸ்தோனியாவின் தேசியப் பூ, ரை என்ற தானிய வயல்களில் யாரும் கேட்காமலே முளைக்கும் நீல நிறக் கார்ன்ஃபிளவர். அந்தத் தேசியப் பூவைக் காலமெல்லாம் மருந்தடித்துக் கொன்றவர் எண்டெல். சோவியத் காலக் கூட்டுப்பண்ணையில் அவருக்கு அதுதான் வேலை. நன்றாகக் கொன்றதற்குப் பதக்கமும் கொடுத்தார்கள். அவர் மனைவி மைமு ஊர்ப் பாடகர் குழுவில் பாடுகிறவள்.

தலைநகரில் நடந்த போன பாட்டுத் திருவிழா ஊர்வலத்தில் மைமு தலையில் வைத்துப் போனது, பக்கத்து வீட்டு ஹெல்யு தன் தோட்டத்துப் பூவில் பின்னிக் கொடுத்த வளையம். ஹெல்யு அதை மறக்கவில்லை, மறக்க விடவுமில்லை.

“களையைக்கூட வளக்கத் தெரியாத வீடு உங்க வீடுதான், மைமு. இந்தத் தடவையும் கூச்சப்படாம வந்து கேளு, என்ன?”

“என் தலைக்கு என் தோட்டம். உன் பூவ நீயே வச்சுக்கோ.”

சொன்னபடியே இலையுதிர் காலத்திலேயே விதைத்தாள். பனியைத் தாங்கி வரும் செடிதான் திருவிழாவுக்கு முன்பே நிறையப் பூக்கும். பனி உருகியதும் சாம்பல் பச்சையில் நாற்றுகள் வரிசை கட்டி நின்றன. ஒரு நாள் பாட்டுப் பயிற்சி முடிந்து வந்தால், பாத்தி மழித்த தாடையாக இருக்கிறது. எண்டெல் களைக்கொத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உன் பாத்தியெல்லாம் அந்தச் சனியன் மொளைச்சிருந்துது. ஒண்ண விடல.”

“அது நான் போட்ட விதை, கிழவா.”

எண்டெல் களைக்கொத்தைக் கீழே வைத்தார். “வரிசையா நிக்குதேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன்...”

“அப்புறம்?”

“கட்டுப்பாடான களைன்னு நெனச்சேன்.”

அன்று மாலையே மறுபடி விதைத்தாள் மைமு. பிராயச்சித்தமாக எண்டெல் தள்ளிக்கொண்டு வந்த குதிரைச் சாண வண்டியை, “உரம் போட்டா தழைதான் வரும், பூ வராது” என்று வாசலோடு திருப்பினாள். களைக்கொத்து அவள் கட்டிலுக்கு அடியில் சிறை வைக்கப்பட்டது.

தாமதமான விதைப்பு தன் குணத்தைக் காட்டியது. தலைநகருக்குக் கிளம்பும் காலையில் பாத்தியில் நிறைய மொட்டு, ஒரு பிடிப் பூ. எண்டெல் விடியலிலேயே பழைய ரை வயலுக்குப் போய், ஒரு கை நிறைய நீலத்தோடு திரும்பினார்.

“நான் கொல்லாம விட்டதோட பேரப்பிள்ளைங்க. எடுத்துக்க.”

“இது வயல்ல வந்தது.”

“பூவுல விலாசமா எழுதியிருக்கு? ஹெல்யுவுக்கு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியுமே!”

தோட்டத்து இலையையும் அந்த ஒரு பிடிப் பூவையும் வைத்தே வளையம் பின்னினாள். ஊர்வலத்தில் பக்கத்தில் நடந்த ஹெல்யு எட்டிப் பார்த்தாள். “என்ன மைமு, மொட்டையா இருக்கு?”

“மொட்டைதான். ஆனா சொந்த மொட்டை.”

அப்போதுதான் சாலையோரக் கூட்டத்தில் எண்டெல் தெரிந்தார். சட்டையில் களை ஒழிப்புப் பதக்கம்; தலையில், அவரே கோணல்மாணலாகப் பின்னிய வயல் பூ வளையம், காது வரை.

“தலைய நேரா வையி, கிழவா, விழுந்துடப்போகுது!” என்று கத்திவிட்டு, தன் கழுத்தை இன்னும் நிமிர்த்தி நடந்தாள் மைமு.