பின் இருக்கை உத்தியோகம்

அந்தக் கடற்கரை ஊருக்கு வருகிறவர்கள் செய்து முடிக்க வேண்டிய காரியங்கள் மொத்தம் ஒன்பது. விடுதியின் வரவேற்பு மேசையில் வழவழப்பான அட்டையில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். சூரியன் எழுவதைப் பார்ப்பது ஒன்று, விழுவதைப் பார்ப்பது ஒன்று. இடைப்பட்ட நேரத்தில் சூரியனை யாரும் சீந்துவதில்லை. பிறகு கண்ணாடி அடிப் படகில் பவளப்பாறை, பாராசூட்டில் தொங்குதல், கலங்கரை விளக்கத்தில் நூற்றெண்பத்தாறு படி, கழிமுகத்தில் துடுப்புப் படகு, மணலில் மெழுகுவத்தி வைத்துச் சாப்பாடு, இத்யாதி. ஒன்பதுக்கும் விதி ஒன்றே: இரண்டு பேராகத்தான் செய்ய வேண்டும். படகில் இருக்கை இரண்டு, பாராசூட்டில் பட்டை இரண்டு, மேசைக்கு நாற்காலி இரண்டு. மனிதன் தனியாக வந்து தனியாகப் போகிறவன் என்று ஞானிகள் சொன்னதை அந்த ஊர் ஏற்றுக்கொள்ளவில்லை.

இருந்தாலும் சிலர் தனியாகவே வந்து தொலைக்கிறார்கள். விவாகரத்து ஆனவர்கள், மாநாடு முடிந்தும் வீட்டுக்குப் போக மனமில்லாதவர்கள், கூட வருகிறேன் என்று சொன்னவரால் கடைசி நேரத்தில் காலை வாரிவிடப்பட்டவர்கள். இவர்களுக்கு இரண்டாவது ஆளாக உட்காருவதற்கென்றே விடுதி ஒருவரை வேலைக்கு வைத்திருந்தது. சம்பளப் பட்டியலில் அவர் பதவி 'துணை உதவியாளர்'. ஊர் வாயில் 'ஜோடி'. வயதில் சின்னவர்களுக்கு ஜோடி அண்ணன்.

இருபத்திரண்டு வருட சேவையில் ஜோடி அண்ணன் நாலாயிரத்துச் சொச்சம் அஸ்தமனங்களைப் பார்த்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் முதல் தடவை பார்ப்பவர்போல வாயைப் பிளந்திருக்கிறார். இந்த உத்தியோகத்துக்கு விதிகள் மூன்று. சொந்தக் கதை பேசக்கூடாது. கேட்காததைச் சொல்லக்கூடாது. 'இல்லை', 'வேண்டாம்', 'கூடாது' ஆகிய சொற்களை விருந்தாளியிடம் பயன்படுத்தக்கூடாது. (விதியை எழுதியவர் அந்தச் சொற்களை எத்தனை தடவை பயன்படுத்தியிருக்கிறார் என்று கேட்பது நமக்கு அழகல்ல.)

மூன்றாவது விதியில் அண்ணன் மகாநிபுணர். உச்சி வெயிலில் வெறுங்காலோடு கலங்கரை விளக்கம் ஏறுகிறேன் என்று ஒருவர் சொன்னால் "நல்ல யோசனை சார்" என்பார். அப்படிச் சொல்லிவிட்டு, செருப்புக்கடை வழியாக அழைத்துப் போவார். ஒரே வாரத்தில் கடவுள் உண்டு என்று ஒரு பேராசிரியரோடும், கிடையாது என்று ஒரு பல் டாக்டரோடும் மனப்பூர்வமாக ஒத்துப்போனவர் அவர்.

ஒரு சட்டையைத் தினம் எட்டு மணி நேரம் போட்டுக்கொண்டால் அது உடம்பின் வாகுக்கு வந்துவிடும். வாயும் அப்படித்தான். ஆறு வருடத்துக்கு முன், வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குக் குழந்தை பிறந்தபோது, மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "மூணு மாசம் போய் இருந்துட்டு வரட்டுமாங்க?" என்று கேட்டாள்.

"நல்ல யோசனை" என்றார் அண்ணன்.

மூன்று மாதம் முடிந்து, "இன்னும் ஆறு மாசம்?" என்றாள் தொலைபேசியில். "தாராளமா" என்றார். அதற்கப்புறம் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

ஊழியர் குடியிருப்பில் இரண்டாம் மாடி, சலவைக்கூடத்துக்குப் பின்புறம். இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் விடுதியின் படுக்கை விரிப்புகள் ஜோடி ஜோடியாகக் காய்வது தெரியும். ஒருவருக்கு அளவாகச் சோறு வடிக்க ஆறு வருடமாகியும் அவருக்குக் கை வரவில்லை. மிச்சத்தை ராத்திரி சாப்பிட்டு, அதிலும் மிச்சத்தைக் காலையில் சாப்பிட்டார். வார விடுமுறை நாட்கள்தான் ரொம்பவும் நீளம். அட்டையில் இருந்த ஒன்பதில் ஒன்றைக்கூடத் தனியாளுக்கு அனுமதிக்க மாட்டார்கள். இது அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? சட்டையை இஸ்திரிப் பெட்டி போட்டுத் தேய்ப்பார். தேய்த்த சட்டையையே மறுபடியும் தேய்ப்பார்.

இந்த நிலையில்தான் மனைவி பத்து நாள் லீவில் வந்து இறங்கினாள், கையில் நாலு பக்க விண்ணப்பத்தோடு. அவளை நிரந்தரமாகத் தன்னோடு வைத்துக்கொள்ள மகன் ஏற்பாடு செய்திருந்தான். நான்காம் பக்கத்தில், 'கணவருக்கு ஆட்சேபணை இல்லை' என்ற வரிக்குக் கீழே ஒரு கோடு. அந்தக் கோட்டின்மேல் அண்ணன் கையெழுத்துப் போட வேண்டும்.

அவருக்கு ஆட்சேபணை இருந்தது. தொண்டை வரை இருந்தது. போகாதே என்று சொல்ல வேண்டும், சொல்லிவிட்டால் போதும். ஏழு நாள் முயன்றார். வாயைத் திறந்தால், "டீ போடட்டுமா?" என்று வந்தது. விண்ணப்பம் சாப்பாட்டு மேசையில், தண்ணீர்ச் செம்புக்கு அடியில் கிடந்தது. அவள் அதை எடுத்துக் கொடுக்கவும் இல்லை, ஞாபகப்படுத்தவும் இல்லை.

எட்டாம் நாள் மேனேஜருக்கு விஷயம் எட்டியது. விண்ணப்பம் அல்ல, மனைவி வந்திருக்கிறாள் என்ற விஷயம். "நாளைக்கு ஒருநாள் நீங்களே விருந்தாளியா இருங்க, செலவு நம்மது" என்று பெருந்தன்மையோடு ஓர் அட்டையை நீட்டினார்.

காலை ஒன்பது மணிக்குப் படகுத்துறையில், அண்ணனுக்குத் தம்பி முறை கொண்டாடும் படகோட்டி உற்சாகமாகிவிட்டான்.

"அண்ணி, வாங்க வாங்க! அண்ணன் இத்தனை வருஷமா யார் யார் கூடவோ போய்ட்டு வர்றாரு. நாங்க யாருமே உங்ககிட்ட சொல்லலை."

"சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும். யாரோடயாவது பேசறாருன்னு சந்தோஷப்பட்டிருப்பேன்" என்றாள் அவள், படகில் காலை வைத்தபடி.

இரட்டைத் துடுப்புப் படகில் முன்னால் இருப்பவர் வேடிக்கை பார்ப்பார். பின்னால் இருப்பவர்தான் திசையைத் திருப்புவார். அண்ணன் பழக்கப்படி பின்னால் உட்கார்ந்தார். கழிமுகம் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. இரு கரையிலும் அலையாத்தி மரங்கள் வேரைத் தூக்கிக்கொண்டு நின்றன. கால் மணி நேரம் துடுப்புப் போட்டார்கள். பிறகு நீர் இரண்டாகப் பிரியும் இடம் வந்தது. வலப்பக்கம் ஆழம். இடப்பக்கம், நீர் வற்றும் நேரத்தில், முழங்கால் சேறு.

"இடது பக்கம் போலாங்க. அங்க வெள்ளையா ஏதோ பறவை உக்காந்திருக்கு."

"நல்ல யோசனை மேடம்" என்றார் அண்ணன். அப்படிச் சொல்லிவிட்டு, துடுப்பை நீருக்குள் லேசாகச் சாய்த்தார். படகு வலப்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு விருந்தாளியும் இதைக் கண்டுபிடித்ததில்லை.

அவள் துடுப்பை மடியில் வைத்தாள். மெதுவாகத் திரும்பினாள்.

"இப்ப என்னை என்னன்னு கூப்பிட்டீங்க?"

அண்ணன் துடுப்பில் ஒட்டியிருந்த பாசியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அது போகட்டும். இடதுன்னு சொன்னேன். சரின்னீங்க. படகு வலது பக்கம் போகுது."

"நீரோட்டம்..."

"நீரோட்டமா? இத்தனை வருஷமா இந்த நீரோட்டத்துலதான் என்னை ஓட்டிக்கிட்டு இருக்கீங்களா? நான் என்ன கேட்டாலும் சரிம்பீங்க. அப்புறம் பார்த்தா நீங்க நெனச்ச எடத்துல நிப்பேன். சண்டை போடலாம்னா, போட ஆளே கெடையாது. ஒத்துக்கிட்ட மனுஷன்கிட்ட எப்படிங்க சண்டை போடறது?"

"அங்க சேறு" என்றார் அண்ணன். பிறகு, கிணற்றில் விழுந்த வாளியை எடுப்பதுபோல, ஒரு சொல்லை மேலே இழுத்தார். "வேண்டாம்."

"எனக்கு வேணும்."

"மாட்டிக்குவோம்னு சொல்றேன்ல?"

"மாட்டிக்கலாம்!"

அண்ணனுக்குக் கோபம் வந்தது. வெகுநாள் ஊருக்குப் போயிருந்த சொந்தக்காரன் திரும்பி வந்ததுபோல வந்தது. "சரி, மாட்டிக்க. நானா சொன்னேன்? உன் பிடிவாதம்தானே?" என்று உரக்கக் கத்திக்கொண்டே படகை இடப்பக்கம் திருப்பினார். பறவை, புத்திசாலி, எழுந்து போய்விட்டது. இருபது கஜம் போனதும் படகின் அடி சேற்றில் உட்கார்ந்தது. இனி நீர் ஏறினால்தான் நகரும். அதற்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகும்.

தூரத்திலிருந்து படகோட்டி வாயைக் குவித்துக் கத்தினான். "அண்ணே! கயிறு போடவா?"

"வேண்டாம்!" என்றார் அண்ணன். இந்தத் தடவை சுலபமாக வந்தது.

வெயில் ஏறியது. சேற்றில் நண்டுகள் பக்கவாட்டில் நடந்து தத்தம் வேலையைப் பார்த்தன. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதுகைப் பார்த்துப் பேசுவது அவருக்குத் தொழில்முறையில் பழக்கம். அதனால்தானோ என்னவோ, சொல்லிவிட்டார்.

"போகாத."

அவள் திரும்பவில்லை. "என்னது?"

"போகாதன்னேன். நான் அதுல கையெழுத்துப் போட மாட்டேன். எனக்கு ஆட்சேபணை இருக்கு."

"எப்பலேர்ந்து?"

"முதல்லேர்ந்தே. நீ சமையக்கட்டு வாசல்ல நின்னு கேட்டியே, அப்பலேர்ந்து."

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று பின் இருக்கையிலிருந்து தெரியாது. அந்த இருக்கையின் குறையே அதுதான்.

"அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்வீங்கன்னுதான் வாசல்ல நின்னேன்" என்றாள் கடைசியில். "போகணும்னு நெனச்சவ பெட்டியைக் கட்டிட்டுல்ல வந்து நிப்பா? இப்ப அங்க ஒரு வீடு பழகிடுச்சு. பேரன் என் கையைப் புடிச்சுக்கிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போறான். ஆறு வருஷம் கழிச்சு வந்து போகாதன்னா, நான் எந்தப் பக்கம்னு போறது?"

"எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது. கையெழுத்து மட்டும் கெடையாது."

"பையன் கத்துவான்."

"கத்தட்டும்."

நீர் ஏறி, படகு தானாக மிதந்தபோது, யார் முதலில் துடுப்புப் போடுவது என்பதில் இருவருக்கும் ஒரு சின்னத் தகராறு நடந்தது. அட்டையில் மிச்சமிருந்த எட்டுக் காரியங்களுக்கும் அவர்கள் போகவில்லை. வீட்டுக்கு வந்து, சேற்றுத் துணியை யார் அலசுவது என்பதைப் பற்றிச் சாயங்காலம் வரை பேசினார்கள்.

பத்தாம் நாள் காலை அவள் விமான நிலையத்துக்குப் பேருந்து ஏறினாள். பயணச்சீட்டு முன்பே எடுத்தது; பேரனுக்குப் பள்ளி திறக்கவிருந்தது. கையெழுத்தில்லாத விண்ணப்பத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "குழம்புல உப்பைக் கொறைங்க" என்றாள். "குறைக்க மாட்டேன்" என்றார் அண்ணன், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. வண்டி கிளம்பிய பிறகும் சற்று நேரம் அந்தக் கையைக் கீழே இறக்க மறந்து நின்றார்.

அவள் போன நாலாம் நாள் மத்தியானம் தொலைபேசி அடித்தது.

"பையன் கத்தறான். நீங்களே பதில் சொல்லுங்க."

"குடு அவன்கிட்ட."

"கொடுக்க மாட்டேன். நான் இன்னும் முடிக்கலை. சேத்துல வச்சு ஒரு மனுஷிகிட்ட பேசற பேச்சா அது? ஒரு நல்ல நாள், நல்ல எடம் கெடையாதா? அதுவும் முதுகுக்குப் பின்னால..."

"நீ திரும்பியிருக்கலாமே!"

"நீங்க முன்னால வந்து உக்காந்திருக்கலாமே!"

இருபது நிமிடம் போனது. பேரனின் பரீட்சை முடிந்ததும் நேரில் வந்து இதற்கு ஒரு முடிவு கட்டுவதாக அவள் சொன்னாள். வந்து இருக்கப்போகிறாளா, வந்து சண்டை போட்டுவிட்டுப் போகப்போகிறாளா என்று அவர் கேட்க வாயெடுத்தபோது இணைப்பு அறுந்துவிட்டது. மறுபடியும் அடிக்குமென்று ஐந்து நிமிடம் பார்த்தார். அடிக்கவில்லை. அவரிடம் இன்னும் இரண்டு நல்ல பதில்கள் மிச்சம் இருந்தன. அவற்றை வீணாக்க மனமில்லாமல், எதிர்ச் சுவரைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டி முழுவதையும் சொல்லி முடித்தார். சுவர் மறுபேச்சு பேசவில்லை. அது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.