தவறான வீட்டுக்குப் போன பேர்

எங்கள் விளையாட்டில் முதல் அரசன் செத்ததும் அவனுடைய பேர் தவறான ஆளுக்குப் போய்விட்டது என்று கடிதம் வந்தது. எழுதியவர் எங்கோ குளிர் நாடொன்றில் இருந்து எங்கள் சிறிய குழுவை நடத்துபவர். நான் கல்முனையில், மனைவி வீட்டு முன்னறையில், கணினிக்கு முன்னால் இருந்தேன். பழங்காலத்து அரசர்கள் நாடு பிடிக்கும் கணினி விளையாட்டொன்றை உருவாக்கிக்கொண்டிருந்தோம். ஒவ்வோர் அரசனைப் பற்றியும் சனங்கள் வைத்திருக்கும் மதிப்பை, அவனுடைய பேரை, எண்ணாக்கித் தருவது என் வேலை. வாப்பா மவுத்தாகி, அவரை அடக்கி, அப்போது மூன்று வாரம்.

அந்த மதிப்புக்கான விதிகளை நான் வாப்பாவைப் பார்த்துத்தான் எழுதியிருந்தேன். அவர் தன் குடியின், தன் வம்சத்தின், மரைக்காயராக, பள்ளிவாசலில் அந்தக் குடிக்காகப் பேசுகிறவராக, இருபது வருடம் இருந்தார். அவர் தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்தால் சண்டை பிடித்துக்கொண்டிருப்பவர்களின் குரல் தானாக இறங்கும். ஒருமுறை மதில் வழக்கொன்றில் தன் உறவுக்காரன் பக்கம் சாய்ந்து தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதன் பிறகு ஒரு வருடம் சனங்கள் ஸலாம் மட்டும் சொல்லிவிட்டு நிற்காமல் போனார்கள். பெரிய பேர் பிழை விட்டால் வேகமாக விழும் என்ற விதி அங்கிருந்து வந்தது.

பிழை வேறோர் இடத்தில் இருந்தது. எங்கள் பக்கத்தில் குடி தாய்வழி. வாப்பா ஒரு குடி, நான் உம்மாவின் குடி, என் பிள்ளைகள் என் மனைவியின் குடி. அதனால் அரசனுக்குப் பின் அவன் பேர் யாருக்கு என்று எழுதும்போது, ஒருவன் எந்த வீட்டைச் சேர்ந்தவன் என்பதைத் தாயிடமிருந்து எடுத்து, பேரை அரசனின் சகோதரி மகனுக்கு அனுப்பியிருந்தேன். அதில் யோசிக்க ஏதாவது இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை. விளையாடுகிறவர்கள் மகனைத்தான் எதிர்பார்ப்பார்கள், ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும் என்று குழுவை நடத்துபவர் பண்பாக எழுதியிருந்தார்.

அந்த ஒரு வரியை மாற்ற எனக்குக் கை வரவில்லை. முன்னறைக்கும் கிணற்றடிக்கும் நடந்தேன், தேத்தண்ணி போட்டேன், குடிக்க மறந்தேன். "உங்கட ராசா மவுத்தானதுக்கு நீங்க ஏன் இந்த நட நடக்கீங்க?" என்று மனைவி கேட்டாள்.

காரணம் ராசா இல்லை. அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு வாப்பாவின் குடியார் கூடிப் புதிய மரைக்காயரைத் தெரிவுசெய்ய இருந்தார்கள். அது நானாக இருக்க முடியாது. நான் அந்தக் குடியே இல்லை. இது சின்ன வயதிலேயே தெரியும். ஆனால் மவுத்து வீட்டில் எத்தனை பேர் என் கையைப் பிடித்து, வாப்பாவின் பேரை நீதான் காப்பாற்ற வேண்டும் என்றார்கள்! நான் அதைப் பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தப் பேர் வேண்டியிருந்தது. பதினொரு வருடம் குடியிருந்தும் மனைவியின் தெருவில் நான் இன்னும் இன்னார் வீட்டு மாப்பிள்ளைதான்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வெளி விறாந்தையில் நின்றேன். உள்ளே என் மாமி மகனை, வாப்பாவின் மூத்த சகோதரியின் பிள்ளையை, தெரிவுசெய்தார்கள். மச்சான் அக்கரைப்பற்றில் ஒரு ஹார்ட்வேர் கடையில் நிற்பவன். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன் என்றுதான் நான் அவனை நினைத்திருந்தேன். வெளியே வந்து, சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்டான். அவனுடைய மோட்டார் சைக்கிளில் இரண்டு ஹெல்மட்டுகள் தொங்கின. ஒன்று வாப்பாவுடையது. வேலை இருக்கிறது என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்த கையோடு அந்த வரியை மாற்றினேன். கோபத்தில்தான் மாற்றினேன். விளையாட்டை ஓட்டிப் பார்த்தேன். அரசன் செத்தான், பேர் முழுவதும் மகனுக்கு வந்தது. ஒரு நிமிடம் நெஞ்சு குளிர்ந்தது. பிறகு, பேரை நம்பி நாலா பக்கமிருந்தும் வழக்குகள் வந்தன. மகனுக்கு ஒன்றும் தெரியாது. பிழையாகத் தீர்த்தான். பெரிய பேர், வேகமாக விழுந்தது. விளையாட்டுக் கணக்கில் நாலு வருடத்தில் தகப்பன் சேர்த்ததெல்லாம் காலி. திரும்ப ஓட்டினேன், அதுவேதான். நான் எழுதிய விதி என்னையே அடித்தது.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு உம்மாவிடம் போனேன். புருசனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் இருக்கும் இத்தாவில் இருந்ததால் அவர் வெளியே வருவதில்லை. அறைக்குள் வெள்ளை உடுப்போடு இருந்தார்.

"ஆரத் தெரிவு செஞ்ச, மகன்?"

"மாமிட மகன."

"அல்ஹம்துலில்லாஹ்."

அல்லாஹ்வுக்கு நன்றி சொன்ன அந்தச் சொல் எனக்குச் சுட்டது. அவனுக்கு என்ன தெரியும் என்று கேட்டேன், குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது. உம்மா கையில் உருட்டிய தஸ்பீஹ் மணியைக் கீழே வைத்தார்.

"ஆறு வருஷமா வாப்பாவ ஏத்திக்கிட்டு வயல்வட்டைக்கும் வழக்குக்கும் திரிஞ்சது அவன்தானே. நீ ஒருநாளெண்டாலும் கூடப் போன நீயா?"

கடற்கரை வரை நடந்தேன், தோணிகளைப் பார்த்தேன், எதையும் பார்க்கவில்லை. அந்த ஆறு வருடத்தில் பாதி நாள் நான் முன்னறையில் இருந்து, ஒரு மனிதனுக்குப் பேர் எப்படி வருகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மூன்றாவது விதி ஒன்றை எழுதினேன். பேர் மகனுக்கும் இல்லை, சகோதரி மகனுக்கும் இல்லை. அரசன் வழக்குத் தீர்க்கப் போகும்போது யார் அதிக நாள் கூடப் போனானோ அவனுக்கு. இது நன்றாக இருக்கிறது, சோதித்து அனுப்புங்கள் என்று குளிர் நாட்டிலிருந்து பதில் வந்தது.

சோதிக்க ஓர் அரசனை உருவாக்க வேண்டும். என் கை வாப்பாவைத்தான் உருவாக்கியது. சகோதரி மகன் ஒருவனைச் சேர்த்து, கூடப் போன நாட்கள் என்ற கட்டத்தில் ஆறு வருடத்தை நாளாக்கிப் போட்டேன். அடுத்தது மகன். கட்டம் காலியாக நின்றது. கல்யாண வழக்கொன்றுக்கு வரச்சொல்லி வாப்பா ஒருமுறை கூப்பிட்டது ஞாபகம் வந்தது. அன்றைக்கு எனக்குக் குழுவோடு கூட்டம் இருந்தது. சொறிக்கல்முனைப் பக்கம் வாய்க்கால் தகராறுக்குப் போனபோதும் கூப்பிட்டார். அன்றைக்கும் ஏதோ இருந்தது. வேறு நாள் ஏதாவது உண்டா என்று வெகுநேரம் தேடினேன்.

பிறகு பூச்சியம் என்று அடித்தேன்.