இடது மீசைக்காரர்

திண்டிவனத்தில் நான் கல்லூரியில் படித்த காலத்தில், ஒரு நடிகரின் ரசிகர்கள் கூடிப் பேசும் இணையதளத்தில் உறுப்பினராக இருந்தேன். அங்கே யாரும் சொந்த முகத்தைக் காட்டமாட்டார்கள். பெயருக்குப் பக்கத்தில் தபால்தலை அளவில் ஒரு படம் இருக்கும், அவ்வளவுதான் ஆள். ஒருவருக்கு நடிகரின் கூலிங் கிளாஸ், இன்னொருவருக்கு அவருடைய முதுகு. எனக்கு அவர் மீசையின் வலது பாதி. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நானே வெட்டி, ஓரத்தில் தங்க நிறம் பூசியது. பெண் என்று தெரிந்தால் 'ஹாய்' சொல்லியே உயிரை எடுப்பார்கள். மீசையிடம் யாரும் வாலாட்டவில்லை.

ஒருநாள் விழுப்புரத்து உறுப்பினர் ஒருவர் என் மீசையை இடவலமாகத் திருப்பித் தன் படமாகப் போட்டிருந்தார். அடுத்தவர் செய்த படத்தை எடுத்தால் செய்தவர் பெயரைப் போடுவதுதான் அங்கே மரியாதை. கேட்டேன். "உங்களுது வலது மீசை பிரதர், இது இடது. தலைவருக்கு ரெண்டுமே இருக்கே" என்று பதில் வந்தது. தளமே கூடிப் பஞ்சாயத்து பண்ணியும் சண்டை தீரவில்லை.

புதுப்படம் வந்தபோது விழுப்புரம் தியேட்டரில் எல்லோரும் சந்திப்பதாக ஏற்பாடு. அடையாளம் தெரிய அவரவர் படத்தை அச்செடுத்துக் குத்திக்கொண்டு வரச் சொன்னார்கள். நாலு வார்த்தை கேட்டுவிடும் வேகத்தில் போனேன். டிக்கெட் கவுண்ட்டர் அருகே இடது மீசை தெரிந்தது. அதுவும் என்னைப் போலவே துப்பட்டாவில். முண்டியம்பாக்கத்தில் நர்சிங் படிக்கும் பெண்.

"இன்னாங்க இது! ஆம்பளன்னு நெனச்சிக்கினு பிரதர் பிரதர்னு பேசிக்கினு இருந்தேன்!"

"நானுந்தான். நேர்ல பாத்தா அடிக்கணும்னு வந்தேன்."

"படம் முடியட்டும், அப்புறமா அடிங்க. ஜல்தி வாங்க, டைட்டில் போட்டுடுவான்."

அன்றைக்கே தோழிகளாகிவிட்டோம்.

அந்தத் தளம் எப்போதோ மூடப்பட்டது. இப்போது அதே நடிகருக்கு வாட்ஸ்அப் குழு. நாங்கள் இருவரும் அதில் சேர்ந்திருந்தோம். ஒளிந்துகொள்ளும் பழக்கம் போய், நடிகரின் தோளில் தங்கள் முகத்தை ஒட்டி டிபி வைக்கிறார்கள். அவர் பிறந்தநாளுக்கு அட்மின் அனுப்பும் காமன் டிபியை எல்லோரும் வைத்தாக வேண்டும். அன்று குழு முழுக்க ஒரே முகம்தான். யார் யாரைத் திட்டுகிறார் என்றே புரியாது.

போன பிறந்தநாளுக்கு நான் மாற்றவில்லை. என் மாடியில் பூத்த முதல் செம்பருத்தி டிபியில் இருந்தது. எடுக்க மனம் வரவில்லை. "அக்கா, நீங்க நெஜமாவே ஃபேன்தானா?" என்று கேட்டுவிட்டு, அட்மின் என்னைக் குழுவிலிருந்து நீக்கினார். "என் ஃப்ரெண்டு இல்லாத குரூப்பு எனக்கும் வாணாம்" என்று எழுதிவிட்டுத் தோழியும் வெளியேறினாள். நெகிழ்ந்துபோனேன்.

ஆனால் அந்த வாரமே, அடுத்த படத்தைப் பற்றிக் குழுவில் மட்டும் வந்த சேதியை எனக்குப் போன் செய்து சொன்னாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வூட்டுக்காரர் நம்பர்ல திரும்ப சேந்துட்டேன்டி. அவரு டிபியையும் நம்ம தலைவர் படமா மாத்திட்டேன். அவரு அந்த இன்னொரு நடிகரோட ஆளு இல்ல? ஆபீஸ்ல எல்லாரும், இன்னா சார் கட்சி மாறிட்டீங்களான்னு கேக்குறாங்களாம். பேஜாருன்னு பொலம்பிக்கினு இருக்காரு, பாவம்."